கறுப்புச் சட்டை வெளுத்த கதை: பூச்சுக்கு அடியில் இருப்பதை அகச்சிவப்பு எப்படிக் காட்டுகிறது?

மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு வீடுகள். போன கார்த்திகையில் தொடர்ந்து நான்கு நாள் பால் பாக்கெட் குறைந்தது. ஐந்தாம் நாள் எல்லோரும் செயலாளர் வீட்டில் கூடி சிசிடிவி பதிவைப் பார்த்தோம். விடிகாலை நாலே முக்கால். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் ஒருவர் வருகிறார், கேட்டில் மாட்டியிருந்த பையிலிருந்து இரண்டு பாக்கெட்டை எடுக்கிறார், நிதானமாகப் படியேறிப் போகிறார். முகம் தெரியவில்லை.

"வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. யாருப்பா அது?" என்று செயலாளர் வாட்ச்மேன் பெரியவரைக் கேட்டார்.

"அந்நேரத்துக்கு வெள்ளையில யாரும் வரலையே சார். மூணாவது மாடிக்கு வந்திருக்கிற மாமா மட்டும்தான் குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போய்ட்டு வந்தாரு. அவரு மாலை போட்டிருக்காரு. கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை."

கறுப்பு எப்படி வெள்ளையாகும் என்று பெரியவரைக் கொஞ்சம் மிரட்டிக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் அந்த மாமாவே இறங்கி வந்து, "அது எங்க வீட்டுப் பைன்னு நெனச்சுட்டேன் சாமி" என்று நான்கு நாள் காசையும் கொடுத்துவிட்டுப் போனார். பால் விவகாரம் முடிந்தது. சட்டை விவகாரம் எனக்கு முடியவில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சட்டையிலிருந்து தொடங்கி, ஓவியத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் கோடு, கறுத்துப்போன ஓலைச்சுவடி, பெயிண்டுக்கு அடியில் புதைந்த எண் என்று போகிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

இரவில் சிசிடிவி கேமரா நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை நம்பிப் படம் எடுப்பதில்லை. லென்ஸைச் சுற்றிச் சின்னச் சின்ன எல்இடிகள் இருக்கும். அவை உமிழ்வது அகச்சிவப்பு ஒளி. ஒளி அலையின் நீளத்தை நானோமீட்டரில் சொல்வார்கள்; ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது. நம் கண் ஏறத்தாழ 400 நானோமீட்டர் ஊதாவிலிருந்து 700 நானோமீட்டர் சிவப்பு வரையான அலைகளைத்தான் பார்க்கும். கேமராவின் எல்இடி பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டரில் எரியும். இருட்டில் கேமராவைக் கிட்டப் போய்ப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? அது 850. ஒன்றுமே தெரியவில்லையா? 940 ஆக இருக்கும்.

மாமாவின் சட்டைத் துணியில் ஏறியிருந்த கறுப்புச் சாயம் 400 முதல் 700 வரை வரும் எல்லா ஒளியையும் விழுங்கிவிடுகிறது. அதனால் நமக்குக் கறுப்பு. 850-க்கு வந்ததும் அந்தச் சாயத்துக்கு வேலையே இல்லை. ஒளியை அப்படியே விட்டுவிடுகிறது. அடியில் இருக்கும் நூலிழையில் பட்டு ஒளி திரும்பி வருகிறது. கேமரா பார்த்தது சாயம் ஏறாத நூலை. எல்லாக் கறுப்புத் துணியும் இப்படி வெளுப்பதில்லை, சாயத்தைப் பொறுத்தது.

இப்போது ஒரு கற்பனை. அந்தச் சட்டையின் முதுகில் கரி கலந்த கறுப்பு மையில் எதையாவது அச்சடித்திருந்தால்? பகலில் கறுப்பில் கறுப்பாக யார் கண்ணிலும் படாது. சிசிடிவியில் வெள்ளையில் கறுப்பாகப் பளிச்சென்று தெரிந்திருக்கும். மறைந்திருக்கும் குறியை அகச்சிவப்பில் கண்டுபிடிப்பது என்பது அவ்வளவுதான்.

அகச்சிவப்பு என்ற ஒன்று இருப்பதே 1800-ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், எதுவுமே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்றவற்றைவிட அதிகமாக ஏறியது. கண் 'இங்கே ஒன்றுமில்லை' என்று சொன்ன இடத்தில் ஏதோ இருந்தது.

அதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். டிவி ரிமோட்டை எடுங்கள். மொபைலின் முன்பக்க கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதன் பக்கம் திருப்பி ஒரு பட்டனை அமுக்குங்கள். பல மொபைல்களில் ஊதா கலந்த வெள்ளைப் பொட்டு ஒன்று மினுக்கும். பின்பக்க கேமராவில் தெரியாமல் போகலாம். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி அதில் கெட்டியாக இருக்கும். அப்புறம் டிவியையோ செட்டாப் பாக்ஸையோ பாருங்கள். ரிமோட்டின் ஒளியை வாங்கும் உணரி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பட்டைக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணுக்கு அது சுவர். ரிமோட்டுக்கு அது கண்ணாடி. பூச்சுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் வித்தை இருபது முப்பது வருஷமாக நம் கூடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது.

ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஒளிபுகும் பொருள், ஒளிபுகாப் பொருள் என்று இரண்டு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தோம். மரக்கட்டை ஒருபக்கம், கண்ணாடி ஒருபக்கம். அந்தப் பட்டியலை இப்போது கொஞ்சம் திருத்த வேண்டும். எந்த ஒளி புகாது என்று சேர்த்துச் சொன்னால்தான் 'ஒளிபுகா' என்ற சொல்லுக்கே அர்த்தம் வருகிறது.

பெயிண்ட் எப்படி மறைக்கிறது?

மெரினாவில் பஜ்ஜி வாங்கினால் பழைய செய்தித்தாளில் வைத்துத் தருவார்கள். (இப்போது அச்சு மை உடம்புக்கு ஆகாது என்று குறைந்திருக்கிறது; நல்லதுதான்.) எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். எண்ணெய் தாளைக் கரைக்கவில்லை, மெலிதாக்கவும் இல்லை. நடந்தது வேறு.

தாள் என்பது நார்களும் அவற்றுக்கு நடுவே காற்று இடுக்குகளும். ஒளி நாரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நாருக்கும் மாறும்போதெல்லாம் கொஞ்சம் திசை மாறிச் சிதறும். ஆயிரம் முறை சிதறியபின் எந்த எழுத்தின் உருவமும் மிஞ்சாது; வெறும் வெள்ளை வெளிச்சம்தான் திரும்பி வரும். எண்ணெய் அந்த இடுக்குகளை நிரப்பிவிட்டால் சிதறல் குறைந்து, ஒளி நேராகப் போய் வருகிறது. ஆக, தாள் மறைத்தது சிதறலால்.

வெள்ளை பெயிண்டும் இதே ஆசாமிதான். அதில் டைட்டானியம் டை ஆக்சைடு துகள்கள் இருக்கும், ஏறத்தாழ 200 முதல் 300 நானோமீட்டர் அளவில். அந்த அளவு தற்செயலாக வந்ததில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் பாதிக்குப் பக்கத்தில் துகள் இருந்தால்தான் சிதறல் உச்சத்தில் இருக்கும். பெயிண்டர் "இந்த மெட்டீரியல்ல கவரிங் நல்லா வரும் சார், ரெண்டு கோட் போதும்" என்கிறாரே, அந்தக் கவரிங் இதுதான்.

இனி கடலைப் பாருங்கள். பட்டினப்பாக்கம் கரையில் தண்ணீருக்குள் ஒரு மூங்கில் கம்பு நட்டிருக்கிறது. பெரிய அலை அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். கம்பைச் சுற்றித் தடுமாறுவது சின்ன நெளிவுகள்தான். அதே பெரிய அலை காசிமேட்டுப் பக்கம் கொட்டிய பாறைகளில் மோதினால் சிதறுகிறது, ஏனென்றால் பாறை அதன் அளவுக்கு ஈடு கொடுக்கிறது. ஒளிக்கும் அப்படியே. 500 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு 250 நானோமீட்டர் துகள் ஒரு பாறை. 2,000 நானோமீட்டர் அகச்சிவப்புக்கு அதே துகள் ஒரு மூங்கில் கம்பு.

சிதறல் பாதிக் கதை. மீதிப் பாதி விழுங்குவது.

ஒரு நிறமி ஒளியை விழுங்குகிறது என்றால், அதன் எலக்ட்ரான் ஒரு படியிலிருந்து மேல் படிக்குத் தாவுகிறது என்று பொருள். அந்தப் படியின் உயரத்துக்கு ஈடான சக்தி ஒளியில் இருந்தாக வேண்டும். அலைநீளம் கூடக்கூட ஒளியின் சக்தி குறையும். அகச்சிவப்பு வந்து தட்டும்போது பல நிறமிகளுக்கு அது முதல் படி ஏறவே போதாது. அதனால் விழுங்காமல் விட்டுவிடுகின்றன. சிவப்பு, மஞ்சள், ஊதா எல்லாம் அகச்சிவப்பில் வெளிறிப்போவது இதனால்தான்.

கரி மட்டும் விதிவிலக்கு. விளக்குப் புகைக்கரி, அடுப்புக்கரி, பென்சில் நுனியில் இருக்கும் கிராஃபைட் எல்லாம் கார்பன். அங்கே எலக்ட்ரான்களுக்குத் தனித்தனிப் படிகள் இல்லை. ஒரு சாய்தளம் மாதிரி. எவ்வளவு சின்ன உந்துதல் கிடைத்தாலும் அந்த அளவுக்கு ஏறிக்கொள்ளும். ஆகவே கண்ணுக்கும் கறுப்பு, 850-லும் கறுப்பு, 2,000-லும் கறுப்பு. மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கோடு போடவும் எழுதவும் அதிகம் பயன்படுத்திய பொருள் இதுவாக அமைந்தது நம் அதிர்ஷ்டம். பூச்சு விலகிக்கொள்கிறது, அடியில் கரி மட்டும் நிற்கிறது. இந்த முறையே அந்த ஒரு பொருளின் பிடிவாதத்தில்தான் ஓடுகிறது என்று நான் சொல்வேன்.

வீட்டில் செய்து பார்த்தது

படித்ததை நம்பாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய வெப்கேம் ஒன்று வாங்கினேன். மரையைத் திருகி லென்ஸைக் கழற்றினால், அதன் பின்பக்கம் அரிசி அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு கண்ணாடிச் சில்லு. சாய்த்துப் பார்த்தால் சிவப்பும் பச்சையுமாக மின்னும். அதுதான் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி. பேனாக்கத்தி நுனியால் நெம்பி எடுத்தேன். அந்த இடத்தில் பழைய கலர் நெகட்டிவின் நுனித் துண்டை இரண்டாக மடித்து வைத்தேன். ஃபிலிம் போடும்போது வெளிச்சம் பட்டு, கழுவியபின் கன்னங்கரேலென்று ஆகிவிடும் பகுதி அது. கலர் ஃபிலிமில் அந்தக் கறுப்பு சாயத்தால் ஆனது என்பதால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை விட்டுவிடும். கறுப்பு வெள்ளை ஃபிலிம் இதற்கு ஆகாது. அதில் கறுப்பாக இருப்பது வெள்ளி உலோகம்.

ஒரு தாளில் நான்கு வரி எழுதினேன். முதல் வரி எச்பி பென்சில். இரண்டாவது நீல பால்பாயின்ட். மூன்றாவது ஃபவுன்டன் பேனா நீல மை. நான்காவது ஓவியக் கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க், அதாவது கரி மை. கேமராவை நீட்டினேன். திரை முழுக்க இருட்டு.

அரை மணி நேரம் கேமராவைத்தான் சந்தேகப்பட்டேன். திறந்து மூடி, திறந்து மூடி, ஒயரை ஆட்டி, கடைக்காரரை மனசுக்குள் திட்டி முடித்தபின்தான் தலையைத் தூக்கி மேலே பார்த்தேன். எல்இடி ட்யூப். மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்பதற்காக அதிலிருந்து அகச்சிவப்பு வராதபடிதான் செய்திருக்கிறார்கள். கேமரா சரியாகத்தான் இருந்தது, அறையில்தான் அதற்கு வேண்டிய ஒளி இல்லை. பரணில் கிடந்த 100 வாட் குண்டு பல்பை எடுத்து மாட்டினேன். குண்டு பல்பு வெளிச்சம் தருவதைவிட அகச்சிவப்பு தருவதுதான் அதிகம். மின்கட்டணத்துக்குக் கெட்ட பெயர் வாங்கிய அதே குணம் இங்கே உதவியது. ஜன்னல் வெயிலும் போதும்.

படம் வந்தது, ஆனால் மங்கல். அகச்சிவப்பு லென்ஸில் கொஞ்சம் குறைவாக வளைவதால் குவியும் இடம் தள்ளிப்போகும். லென்ஸை அரைச் சுற்றுத் திருகியதும் கூர்மையானது. தாளில் இரண்டே வரி இருந்தன! பென்சிலும் கரி மையும் கறுப்பாக. பால்பாயின்ட் வரி இருந்த இடத்தில் வெறும் தாள். ஃபவுன்டன் பேனா வரியும் காணோம். மேலிருந்து பார்த்தால் நான்கு வரி, திரையில் இரண்டு வரி. என் அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "எழுதினதை அழிக்கிறதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்ட?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்து, சிவப்பு போஸ்டர் கலரைக் குழைத்து நான்கு வரிகளின் மேலும் கெட்டியாக இரண்டு கோட் அடித்து உலர்த்தினேன். கண்ணுக்கு ஒரே சிவப்பு. கேமராவில் சிவப்பு வெளிறிச் சாம்பலாகி, அதற்கு அடியிலிருந்து பென்சில் வரி எழுந்து வந்தது. கோட்டின் ஓரம் கொஞ்சம் கரைந்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

வேறொரு தாளில் கறுப்பு போஸ்டர் கலர் அடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு போஸ்டர் கலரே கரிதான். பூச்சும் கரி, எழுத்தும் கரி. மூன்றாவது தாளில் வெள்ளை அக்ரிலிக் இரண்டு கோட். அதிலும் ஏமாற்றம். வெப்கேமின் சிலிக்கான் உணரி 1,100 நானோமீட்டருக்கு மேல் குருடு. அந்த எல்லைக்குள் டைட்டானியம் வெள்ளை இன்னும் நன்றாகவே சிதறடிக்கிறது. மூங்கில் கம்பு ஆகும் அளவுக்கு அலை இன்னும் பெரிதாகவில்லை.

இந்த மூன்று தாளில் மொத்தப் பாடமும் இருக்கிறது. பூச்சு அந்த அலையில் விலகிக்கொடுக்க வேண்டும். அடியில் இருக்கும் குறி அதே அலையில் விழுங்க வேண்டும், குறிக்குப் பின்னால் இருக்கும் தளம் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த அலையை அனுப்ப ஒரு விளக்கும் வாங்க ஓர் உணரியும் வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் திரையில் ஒன்றும் வராது. ஒன்றும் வரவில்லை என்பதால் அடியில் ஒன்றும் இல்லை என்று சொல்லவும் முடியாது.

ஓவியக்காரர்களின் முதல் கோடு

வெள்ளையிடம் நான் தோற்ற அதே இடத்தில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களும் நின்றிருக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அகச்சிவப்பு ஃபிலிமில் ஓவியங்களைப் படம் எடுத்தார்கள். அந்த ஃபிலிம் 900 நானோமீட்டர் வரைதான் உணரும். சிவப்பும் பழுப்பும் விலகின. செம்புச் சேர்மங்களால் ஆன பழைய பச்சையும் நீலமும் அசையவில்லை. 1960-களின் பிற்பகுதியில் வான் ஆஸ்பெரன் டி பூர் என்ற நெதர்லாந்து இயற்பியலாளர் எந்த அலையில் எந்த நிறமி எவ்வளவு மறைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். 2,000 நானோமீட்டர் அளவுக்குப் போனால் அந்தப் பச்சையும் நீலமும்கூட வழிவிடும் என்று தெரிந்தது. ஃபிலிமை விட்டுவிட்டு, ஈய சல்ஃபைடு பூசிய டிவி கேமராக் குழாயை அதற்குப் பயன்படுத்தினார். அகச்சிவப்புப் பிரதிபலிப்புப் படமெடுப்பு என்ற துறை அப்படித்தான் நிலைத்தது. இன்று இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரிகள் 900 முதல் 1,700 வரை பார்க்கின்றன. விலையைக் கேட்டால் ரிச்சி தெருவுக்கே திரும்பி வந்துவிடுவோம்.

அப்படிப் பார்த்ததில் வெளிவந்தவற்றில் பிக்காசோவின் 'நீல அறை' பிரபலம். 1901-இல் வரைந்தது, வாஷிங்டனின் பிலிப்ஸ் சேகரிப்பில் இருக்கிறது. குளிக்கும் பெண்ணின் படத்துக்கு அடியில், கழுத்தில் 'போ' டை கட்டி, மோதிரங்கள் போட்ட கையில் கன்னத்தைத் தாங்கியபடி ஒரு தாடிக்காரர் இருப்பதை 2014-இல் அறிவித்தார்கள். கித்தான் வாங்கக் காசு இல்லாமல் பழைய படத்தின் மேலேயே வரைந்திருக்கிறார்.

நம் ஊர்த் தஞ்சாவூர் ஓவியத்தை இந்தக் கண்ணால் யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப்பொடிக் கலவையை வெள்ளையாகப் பூசித் தேய்த்து, பென்சிலில் உருவம் எழுதி, பிறகு மக்கு வைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, கடைசியில் வண்ணம். வெள்ளைத் தளம், கரிக் கோடு, மேலே மெல்லிய வண்ணம் என்பதால் முகமும் ஆடையும் இருக்கும் இடங்களில் அகச்சிவப்புக்கு ஏற்ற அடுக்குதான். ஆனால் தங்க ரேக்கு இருக்கும் இடத்தில் கதவு சாத்தியாகிவிட்டது. எவ்வளவு மெலிதானாலும் தங்கம் உலோகம். அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திருப்பி அடித்துவிடும்.

அதே தஞ்சையில் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள அறைகளில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேல் அடுக்கு உதிர்ந்த இடத்தில் அடியில் இருந்தது எட்டிப் பார்த்திருக்கிறது. அகச்சிவப்பில் பார்க்கலாமே என்று தோன்றும். முடியாது. நடுவில் இருப்பது பெயிண்ட் கிடையாது, சுண்ணாம்புச் சாந்து. ஒளி அதில் நுழைந்து திரும்பும் தடிமன் இல்லை அது. இந்த முறை பார்ப்பதெல்லாம் தலைமுடியின் தடிமனை ஒட்டிய பூச்சுகளை. தொல்லியல் துறையினர் பின்னாளில் மேல் அடுக்கைப் பத்திரமாகப் பெயர்த்து எடுத்துத்தான் அடியில் இருந்ததை வெளிக்கொண்டு வந்தார்கள்.

ஓலையும் காசோலையும்

பூச்சு என்றால் யாரோ அடித்தது என்றில்லை. காலமும் பூசும்.

ஏட்டுச்சுவடியில் எழுத்தாணியால் கீறியதும் எழுத்து சரியாகத் தெரியாது. விளக்குக்கரியை இலைச்சாறோ எண்ணெயோ கலந்து தேய்த்துத் துடைப்பார்கள். கீறலுக்குள் கரி தங்கும். முந்நூறு வருஷம் கழித்து ஓலையே பழுப்பேறிக் கறுத்துவிட்டால், கறுத்த ஓலையில் கறுத்த எழுத்து. ஓலையின் பழுப்பு அகச்சிவப்பில் வெளுத்துவிடும், கரி வெளுக்காது. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் மத்வாச்சாரியாரின் சர்வமூல கிரந்தச் சுவடிகளை இப்படித்தான் படம் எடுத்துத் தெளிவாக்கினார்கள். அதற்கும் முன்னால், 1950-களில், சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களில், கறுத்துப்போன தோலில் இருந்த கரி எழுத்துகளை நஜீப் அல்பினா என்ற புகைப்படக்காரர் அகச்சிவப்பு ஃபிலிமில் பிடித்தார். கோட்டூர்புரத்தில் இருக்கும் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்திலோ ஒரு சுவடிக் கட்டைப் பார்க்க வாய்த்தால், எழுத்தைவிட அதற்குள் இருக்கும் அந்தக் கரியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். மை தேய்த்தவர் தெரியாமலேயே எதிர்காலக் கேமராவுக்கு வேலை செய்துவைத்துவிட்டார்.

காசோலையில் நடக்கும் கதை இதைவிடச் சுவாரசியம். '1,000' என்பதை '7,000' ஆக்க அதே நீல நிறப் பேனாவைத்தான் தேடுவார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி சாயம் வேறு. அகச்சிவப்பில் ஒரு மை மறைந்து மற்றொன்று நின்றால், பின்னால் சேர்த்த கோடு தனியாக மாட்டிக்கொள்ளும். அடித்துக் கிறுக்கி மறைத்த வரியும் அப்படியே: பென்சிலிலோ கரி மையிலோ எழுதியதை பால்பாயின்டால் எவ்வளவு கிறுக்கினாலும் கிறுக்கல் மறைந்து எழுத்து மட்டும் மிஞ்சும். ஆவணப் பரிசோதகர்களுக்கு இது அன்றாட வேலை. சென்னைக்கு இதில் பழைய உறவு உண்டு. இந்தியாவின் முதல் வேதிப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் இங்கேதான் தொடங்கியது. அந்த மரபில் வந்த தடய அறிவியல் துறை இன்று மயிலாப்பூர் காமராஜர் சாலையில் இருக்கிறது.

இரும்பில் விழுந்த எண்

வண்டிப் பெயர் மாற்றப் போனவர்களுக்குத் தெரியும், சேஸ் நம்பர் பிரிண்ட் எடுப்பது. எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தாளில் ஏறிவிடும். மேலே பெயிண்ட் இருந்தாலும் ஏறும், ஏனென்றால் அந்தக் குறி நிறத்தில் இல்லை, பள்ளத்தில் இருக்கிறது. பள்ளமாகப் பொறித்த எண்ணுக்கு அகச்சிவப்பு தேவையே இல்லை. பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல் மெல்லிய குறிகளில். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஓடும் தொழிற்சாலைகளில் உதிரிபாகங்களின் மேல் சின்னச் சதுரமாக, கட்டம் கட்டமாக ஒரு குறி பார்த்திருப்பீர்கள். க்யூஆர் கோடு மாதிரி ஸ்கேனரால் படிக்கும் குறி அது, பெயர் டேட்டா மேட்ரிக்ஸ். ப்ரைமரும் பெயிண்டும் கெட்டியாக ஏறியபின் அது கண்ணிலும் படாது, ஸ்கேனரிலும் படாது. நாசா உதிரிபாகங்களில் இந்தக் குறியைப் பதிப்பதற்கென்றே ஒரு தரநிலை வைத்திருக்கிறது. பூச்சுக்கு அடியில் போன குறியைப் படிக்கும் வழிகளையும் அதன் மார்ஷல் விண்வெளி மையத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். பூச்சு எந்த அலைக்கு வழிவிடும் என்று பார்த்து, அந்த அலையில் உலோகத்துக்கும் குறிக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி குறியின் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். விமானங்களில் பெயிண்டுக்கு அடியில் உலோகம் அரித்திருக்கிறதா என்று பார்க்க 3,000 முதல் 5,000 நானோமீட்டர் வரையான இன்னும் நீண்ட அலைகளைப் பயன்படுத்தும் முறைகளும் உண்டு.

திருட்டு வண்டியில் எண்ணை அரத்தால் ராவியே எடுத்துவிட்டால் என்ன செய்வது? அங்கே அகச்சிவப்புக்கு வேலை இல்லை. குத்தும்போது அடியில் இருக்கும் உலோகம் அழுத்தப்பட்டிருக்கும். அமிலக் கலவை தடவினால் அந்த இடம் மட்டும் வேறு விதமாக அரிபட்டு எண் மேலே வரும். அது வேதியியல், வேறு கட்டுரை.

ஒரு குழப்பத்தை மட்டும் இங்கேயே தீர்த்துவிடலாம். காய்ச்சல் பார்க்கும் கேமரா, சுவரில் ஈரம் எங்கே என்று வண்ண வண்ணமாகக் காட்டும் கேமரா, இவையும் அகச்சிவப்புதான், ஆனால் இவை பொருளே உமிழும் வெப்பக் கதிரைப் பார்க்கின்றன. அலைநீளம் 8,000 முதல் 14,000 நானோமீட்டர். விளக்கு தேவையில்லை. அந்தக் கேமராவால் ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் பார்க்க முடியாது. அந்த அலைக்குக் கண்ணாடி ஒளிபுகாப் பொருள். ஆறாம் வகுப்புப் பட்டியல் மறுபடியும் அடிவாங்குகிறது.

வெப்கேமோடு என் கடைசி முயற்சி தெருமுனைச் சுற்றுச்சுவரில். ஒவ்வொரு தேர்தலுக்கும் சின்னம் வரைவார்கள், முடிந்ததும் சுண்ணாம்பு அடித்து மறைப்பார்கள். அடியில் எத்தனை தேர்தல் இருக்கிறதோ என்று ஒரு மத்தியானம் லேப்டாப்பும் கையுமாக வெயிலில் நின்றேன். திரையில் வெறும் வெள்ளை. உலர்ந்த சுண்ணாம்பில் அவ்வளவு காற்று இடுக்கு; தாண்ட முடியவில்லை. டீக்கடைக்காரர் மட்டும், "சர்வே எடுக்கறீங்களா சார்?" என்று விசாரித்தார்.

அடுத்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குடையோடு அந்தப் பக்கம் போனபோது சுவர் நன்றாக ஊறியிருந்தது. பஜ்ஜித் தாளில் எண்ணெய் செய்த வேலையைச் சுண்ணாம்பில் தண்ணீர் செய்திருந்தது. இடுக்குகள் நிரம்பி, வெள்ளை கரைந்து, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சின்னங்களும் பாதி வேட்பாளர் பெயரும் நீலமும் சிவப்புமாக வெளியே வந்திருந்தன. டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைத் துடைத்தபடியே சுவரைக் காட்டி, "இதுக்குத்தான சார் அன்னிக்கு நின்னீங்க?" என்றார்.